கிழக்கு மூட்டத்தின் வாசலில் நின்றுபோன ஆள்

1

அன்று கடைக்குள் இருந்தவர்கள்:

நான்.

என் மனைவி முத்துலட்சுமி. துணி மடிக்கும் மேசையில் நின்றாள்.

மகள் கார்த்திகா. கம்ப்யூட்டர் வேலை. வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு.

வீரசோழன் காதர் பாய். சலவைக் கடையில் என் கூட்டாளி. ஜும்மா தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

என் அண்ணன் சேவுகன். அவர் கடையில் இல்லை. பரளச்சிக்குக் கிழக்கே கருவேலங்காட்டில் இருந்தார். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் 'பெரியப்பா: சரி' என்று பச்சை எழுத்தில் இருந்தார். அதனால் அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வருகிற பங்குனியோடு அது நடந்து ஒரு வருஷம். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். முனி அமுக்கியது என்கிறார்கள். இல்லை, கம்ப்யூட்டர் பொய் சொன்னது என்கிறார்கள். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் பற்றி வருவதை மகள் படித்துப் பார்த்து, சரி என்று சொன்னாள்.

2

கடை ஷார்ஜாவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் குடியிருப்பு. காலையில் பாய்லர் போடுவேன். நீராவி ஏறும்வரை ஒரு டீ. பிறகு தேய்ப்பு. கடை சாத்தும்வரை நின்றுகொண்டுதான். தேய்த்த கந்தூராக்களைக் கம்பியில் தொங்கவிடுவோம். கந்தூரா என்பது இங்குள்ள ஆண்கள் உடுத்தும் நீள வெள்ளை அங்கி. ஏசி காற்றுப் பட்டால் எல்லாம் சேர்ந்து மெதுவாகத் திரும்பும். தலை இல்லாத ஆட்கள் வரிசையாக நின்று என்னைப் பார்க்கத் திரும்புவது போல இருக்கும். வந்த புதிதில் அந்தக் கம்பிக்கு முதுகு காட்டி நிற்க மாட்டேன். இப்போது நிற்கிறேன்.

இந்தி கொஞ்சம் வரும். மலையாளம் கொஞ்சம். அரபி அதைவிடக் கொஞ்சம். வீட்டில் தமிழ்தான் குறைந்துகொண்டு வருகிறது. கார்த்திகா பேசுவாள், தேவைக்கு. பின்னறையில் இருந்துகொண்டு முன்கடையில் இருக்கும் எனக்குப் போனில் எழுதி அனுப்புவாள். 'சாப்பிட வாங்க.' ஒரே ஒரு தடவை. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

முத்துலட்சுமிக்குக் கோபம் வரும்.

"வாயத் தொறந்து அப்பான்னு கூப்பிட்டா கொறஞ்சா போயிருவ?"

"அவரு பாக்கும்போது பாத்துக்குவாரும்மா. நான் எதுக்கு நின்னு கத்திக்கிட்டு இருக்கணும்?"

"நாங்க எல்லாம் கத்தித்தான் வளந்தோம்."

"அதான் ரெண்டு பேருக்கும் தொண்டை இப்படி இருக்கு."

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எனக்குத்தான் ஒரு தடவை கூப்பிட்டால் எழுந்து பழக்கமில்லை.

விசா புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு முறை இது நடந்தது. கையில் டோக்கன். மேலே மிஷின் நம்பரைக் கூப்பிடும். அரபியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. என் நம்பர் வந்தது. இரண்டு தடவை கூப்பிட்டது. மிஷின் என்று தெரியும். உடம்பு எழவில்லை. அடுத்த நம்பர் போய்விட்டது. கவுண்டர் சாத்துகிற நேரம், மலையாளி ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சேட்டா, விளிச்சது கேட்டில்லே?"

"ரெண்டு தடவைதான சார் கூப்பிட்டுச்சு."

அவர் என் டோக்கனை வாங்கிப் பார்த்தார். பிறகு நாளைக்கு வரச் சொன்னார். அபராதம் ஒரு நாளைக்குக் கூடியது. காதர் பாய் இதை இன்னும் விடவில்லை.

"அரபியில ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. மூணாவது தமிழ்ல கூப்பிடுவான்னு உக்காந்திருந்தியாக்கும் மாப்ள?"

3

எங்கள் காட்டில் உச்சிப்பொழுதில் பேர் சொல்லிக் கூப்பிடும். வெயில் நேராக இறங்கி, கருவேல மரத்தின் நிழல் மரத்துக்கே பத்தாமல் இருக்கும் நேரம். ஆள் தெரியாது. தெரிந்த குரலாகத்தான் இருக்கும். ஒரு தடவை கூப்பிடும். கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. அவ்வளவுதான். மனிதன் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவான். அது கூப்பிடாது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மூன்றாவது வந்தால் மட்டும் 'என்ன' என்று கேட்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பார்த்துப் பழகுவதுதான்.

எங்கள் சித்தப்பா பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்து நிரையில் அப்பா. சித்தப்பா நிமிர்ந்து, "வாரேன்" என்றார். அப்பாவுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. யாரடா கூப்பிட்டது என்று கேட்பதற்குள் சித்தப்பா வரப்பில் போய்க்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று அப்பா நினைத்திருக்கிறார். கிணற்று மேட்டில் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன. கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவு. அதில்தான் கிடந்தார்.

அண்ணன் அப்போது சிறுவன். செருப்பைக் கையில் எடுத்து வந்தது அவர்தான். அன்றிலிருந்து அண்ணன் போன் வந்தால்கூட முதல் இரண்டு தடவை எடுக்க மாட்டார். அடித்து ஓயட்டும் என்று விடுவார். மூன்றாவது அடித்தால் எடுத்து, "சொல்லு" என்பார். இங்கிருந்து பேச நினைத்தால் மூன்று தடவை அடிக்க வேண்டும். எனக்கு அது சிரமமாகத் தெரிந்ததில்லை.

4

அண்ணன் கரிமூட்டம் போடுகிறவர். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

சீமைக்கருவேலை வெட்டி, நட்டுக்குத்தாக நிறுத்தி அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் போட்டு, மண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே தீ வைப்பது. விறகு எரியக் கூடாது. வேக வேண்டும். மண் வெடித்தால் காற்றுப் போகும். காற்றுப் போனால் கரி சாம்பலாகிவிடும். அதனால் தீ வைத்த நாளிலிருந்து பிரிக்கும் நாள்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெடிப்பு கண்டால் ஈர மண்ணோடு மூட்டத்தின் மேல் ஏறி அடைக்க வேண்டும். மேலே இருப்பது மண் தோல்தான். அடியில் விறகு வெந்து இறங்கியிருக்கும். தவறி மிதித்தால் கால் உள்ளே போகும். உள்ளே இருப்பது நெருப்பு.

மதினி இறந்த பிறகு அண்ணன் தனி ஆள். பிள்ளை இல்லை. இங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டோம். "அங்கன வந்து என்னத்தப் பாக்க?" என்றார். அதோடு முடிந்தது.

இது நடப்பதற்கு முந்தின வருஷம் லீவில் ஊருக்குப் போயிருந்தோம். கார்த்திகா வீட்டுக்குள் இருப்பாள், போனைப் பார்ப்பாள் என்றுதான் நினைத்தேன். அவள் பெரியப்பா பின்னாலேயே காட்டில் சுற்றினாள். மூட்டத்தின் மேல் அவர் ஏறியதைப் பார்த்தாள். இறங்கியதும் கேட்டாள்.

"நீங்க விழுந்துட்டா யாருக்குப் பெரியப்பா தெரியும்?"

"இருளாண்டி ஆடு பத்திக்கிட்டு வருவான்."

"அவரு எப்ப வருவாரு?"

"ஆடு வாரப்ப."

அவள் மதுரைக்குப் போய் என்னென்னவோ வாங்கி வந்தாள். கிழக்கு மூட்டத்துக்குச் சூடு அளக்கிற கம்பி ஒன்று. மேற்கு மூட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் கட்ட ஒரு பொத்தான். அதற்கும் தனியாக ஒரு பெட்டி. மூன்று பெட்டியையும் உயரமான கம்பத்தில் கட்டினாள். அந்தக் காட்டுக்குள் தரையில் நின்றால் போனுக்கு டவர் கிடைக்காது. கம்ப உயரத்தில் கிடைத்தது. பெட்டிகள் நிமிஷத்துக்கு ஒரு தடவை, சேர்ந்திருப்பதை எங்கள் கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். மூட்டங்களின் சூடு வரும். அண்ணன் ஒவ்வொரு தடவை சுற்றிப் பார்த்து முடித்ததும் பொத்தானை ஒரு தடவை அமுக்குவார். அமுக்கினால் நல்லபடியாக இருக்கிறார்.

"ஆபத்துன்னா எத்தன தடவை பெரியப்பா? ஒண்ணுக்கும் மேல வந்தா இங்க மணி அடிக்கிற மாதிரி வச்சிரட்டுமா?"

"மூணு."

"ரெண்டுக்கே வைக்கலாமே."

"ரெண்டுக்கு யாரும் வரக் கூடாது தாயி. எது கூப்பிடுதுன்னு தெரியாது. மூணு வந்தாத்தேன் நானு."

"மூணாவது அமுக்க முடியாமப் போச்சுன்னா?"

அண்ணன் சிரித்தார். "அதுக்கப்புறம் வந்து என்ன பண்ணப் போறீக?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மூன்று என்று வைத்தாள்.

5

அந்த வெள்ளிக்கிழமை முத்துலட்சுமிதான் பார்த்தாள். மடித்த துணியைக் கல்லாப் பக்கம் கொண்டுபோய் வைத்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"இந்த நம்பரு நேத்து ராவுலயும் இதேதான இருந்துச்சு?"

"எது?"

"மேக்க மூட்டத்துச் சூடு. கடை சாத்தையில இதே நம்பரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நம்ம கடை போன் நம்பரோட கடைசி மூணு நம்பரு."

கரிமூட்டத்தின் சூடு ஒரே இடத்தில் நிற்காது. ஏறும், இறங்கும். நான் போய்ப் பார்த்தேன். நம்பர் அசையவில்லை. அதன் கீழே 'பெரியப்பா: சரி'. பச்சை.

கார்த்திகாவைக் கூப்பிட்டேன். முதல் தடவையே வந்தாள். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்து எதையோ தட்டினாள். முகம் மாறியது.

"அப்பா, இது நின்னு போயிருக்கு."

"எப்பயிலருந்து?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து."

அதாவது நேற்று ராத்திரி நாங்கள் சாப்பிடும்போது எட்டிப் பார்த்து, அண்ணன் நல்லா இருக்கார் என்று படுத்தது. காலையில் பாய்லர் போட்டுவிட்டுப் பார்த்து, நல்லா இருக்கார் என்று தேய்க்கப் போனது. எல்லாம் நேற்றுச் சாயங்காலத்து அண்ணன். இன்றைக்கு அண்ணன் எப்படி இருக்கிறார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

போன் போட்டேன். அடித்து ஓய்ந்தது. இரண்டாவது, ஓய்ந்தது. மூன்றாவது அடித்தபோது நாங்கள் நால்வரும் போனுக்கு மேல் குனிந்திருந்தோம். அதுவும் அடித்து ஓய்ந்தது. அண்ணன் போனை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் இல்லை என்றால் மூட்டத்தில் இருக்கிறார். நம் ஊரில் அப்போது மூன்று மணி. உச்சி கழிந்தால் சோறு தின்ன வீட்டுக்கு வந்துவிடுவார். அது மாறியதில்லை.

முத்துலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இருளாண்டிக்குப் போட்டேன். அவன் ஆடு விற்க நரிக்குடி போயிருந்தான்.

"பெரியண்ணே எடுக்கலையா? மூணு தடவை போட்டியளா?"

"போட்டேன்."

"வண்டிய எடுத்துட்டேன்ணே. இந்தா போறேன்."

நரிக்குடியிலிருந்து அங்கே போக நேரம் ஆகும். எங்களிடம் இருந்தது அந்தத் திரை மட்டும்தான்.

6

"ஏன் நின்னுச்சு?" என்றேன்.

கார்த்திகா தட்டிக்கொண்டே சொன்னாள். முன்பெல்லாம் இதைச் சொல்ல வந்தால் நான் கேட்க மாட்டேன். அன்று கேட்டேன்.

"உள்ள மூணு ஆப்ஜெக்ட் இருக்குப்பா. பொருள்னு வச்சுக்கங்க."

"வேலை பாக்குதுங்குற. பொருளா?"

"சரி, ஆளு. வார்ப்பு ஒண்ணுதான். அதுல மூணு ஆளு செஞ்சு விட்டிருக்கேன். கிழக்கு மூட்டத்து ஓடைக்கு ஒரு ஆளு. மேற்குக்கு ஒரு ஆளு. பெரியப்பா பொத்தானுக்கு ஒரு ஆளு. வர்ற சேதிய ஓடைன்னுதான் சொல்லுவோம். நான் வரிசையா ஒவ்வொரு ஆள்கிட்டயும் 'படி'ன்னு சொல்லுவேன். அவங்க ஓடையில வந்தத எடுத்துக் குடுப்பாங்க."

"சரி."

"நான் எழுதின விதத்துல, படின்னு சொல்லிட்டா, ஏதாவது வர்ற வரைக்கும் அந்த ஆளு அங்கேயே நிப்பான். திரும்பி வர மாட்டான். கிழக்கு மூட்டத்துப் பெட்டி நேத்து சாயங்காலம் செத்துப் போச்சு. அதுல ஒண்ணும் வரல. அந்த ஆளு அங்க நிக்கிறான். அவன் திரும்பி வந்தாத்தான் நான் மேற்குக்குப் போக முடியும். பெரியப்பாகிட்ட போக முடியும்."

கிழக்குப் பெட்டியின் ஒயரை ஆடு கடித்திருந்தது என்பது பிறகு தெரிந்தது. இருளாண்டியின் ஆடு.

காதர் பாய் கேட்டார். "அப்ப மத்த ரெண்டு பேரும் தூங்குறானுகளா? நம்ம கடை மாதிரில்ல இருக்கு."

"தூங்கல மாமா. அவங்ககிட்ட யாரும் கேக்கல. அவங்க ஓடையில வந்தது எல்லாம் அப்படியே தேங்கிக் கெடக்கு. படிக்க ஆளு இல்ல."

எங்கள் பக்கம் ஓடை என்றால் மணல். மழைக்காலத்தில் மேற்கே பெய்தால் வரும், வராமலும் போகும். தண்ணீர் வரட்டும் என்று யாரும் கரையில் போய் உட்கார்ந்திருப்பதில்லை. வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பது. இருந்தால் மாட்டை விடுவது, இல்லையென்றால் போய்க்கொண்டே இருப்பது. இதை அவளிடம் சொல்லவில்லை. அவள் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"இனிமே முதல்ல 'ஏதாவது இருக்கா'ன்னு கேக்கச் சொல்றேன். எத்தன இருக்குன்னு ஒரு எண் மட்டும் வரும். பூஜ்யம்னா நிக்காம அடுத்த ஆள்கிட்ட போயிரும். இருந்தா இருக்குறத மட்டும் எடுத்துட்டுப் போயிரும். திரும்பத் திரும்பச் சுத்தி வந்து கேட்டுக்கிட்டே இருக்கும்."

"ஒரு தடவை கேட்டுட்டுப் போயிருமா?"

"ஆமாப்பா."

"நிக்காதா?"

"நிக்காது."

கம்பியில் கந்தூராக்கள் மெதுவாகத் திரும்பின. ஒரு தடவை கேட்டுவிட்டு நிற்காமல் போகிற குரலை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். இப்போது என் மகள் அப்படி ஒன்றைச் செய்து, என் அண்ணனைத் தேடி அதே காட்டுக்குள் விடுகிறாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது.

"விடு," என்றேன்.

7

தேங்கிக் கிடந்தது எல்லாம் ஒரேயடியாக வந்தது.

கிழக்கு: 0. மேற்கு மூட்டத்தின் சூடு விறுவிறுவென்று ஓடியது. ஏறியது, இறங்கியது. ஒரு ராத்திரி முழுக்க வெந்த சூடு, நான் இரண்டு தடவை இமைப்பதற்குள் முடிந்தது. பிறகு அண்ணன் வந்தார்.

பொத்தான் சேதி ஒவ்வொன்றிலும் அமுக்கிய நேரம் இருக்கும். கார்த்திகா வாசித்தாள்.

"நேத்து பொழுது சாய ஒண்ணு. விளக்கு வைக்கிற நேரம் ஒண்ணு. ராத்திரி ஒண்ணு. நடுச்சாமம் தாண்டி ஒண்ணு. விடியக்காலம் ஒண்ணு. காலைல எட்டுக்கு ஒண்ணு. பத்துக்கு ஒண்ணு."

அண்ணன் எழுந்தார், சுற்றினார், அமுக்கினார், படுத்தார், எழுந்தார், சுற்றினார். ஒரு நாள் முழுக்க அவர் நடந்த நடை அந்த மேசையில் ஒரு மூச்சில் ஓடியது. சொர்க்கத்தில் கணக்குப் பார்ப்பவர்கள் இப்படித்தான் பார்ப்பார்களோ என்று தோன்றியது. முத்துலட்சுமி கையை எடுத்துக் கும்பிட்டாள்.

"பத்து மணிக்கு நல்லா இருந்திருக்காக. அப்புறம்?"

கார்த்திகா அடுத்த வரியில் விரலை வைத்தாள்.

"சொல்லுடி."

"பன்னெண்டே காலுக்கு வந்திருக்கு."

"எத்தன?"

"ரெண்டு."

நீராவிக் குழாயில் சத்தம் மட்டும் இருந்தது.

"அடுத்தடுத்து ரெண்டு. அப்புறம் ஒண்ணும் இல்ல."

சுற்றி முடித்ததற்கு என்றால் ஒன்று. கூப்பிடுவது என்றால் மூன்று. இரண்டு அண்ணனுடையது இல்லை. அவரே சொன்னது. அதுவும் உச்சிப்பொழுது.

"அது அவுக இல்ல," என்றாள் முத்துலட்சுமி. குரல் கீழே போய்விட்டது. "அவுக மூணுதான அமுக்குவாக. அது அவுக இல்ல."

"அப்ப வேற யாரும்மா? பொத்தான் அவரு இடுப்புல இருக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"மாப்ள," என்றார் காதர் பாய், "நீ வாயத் தொறந்து ஏதாவது சொல்லு."

நான் சொன்னேன். "மணி அடிச்சிருக்குமா? நின்னு போகாம இருந்திருந்தா?"

கார்த்திகா தலையை ஆட்டினாள். "அடிச்சிருக்காதுப்பா. ரெண்டுக்கு அடிக்காது. மூணுன்னு வச்சிருக்கேன்." அவள் கண்ணைத் துடைத்தாள். "அவரு சொன்னாருன்னு வச்சேன்."

"நானும்தான் பக்கத்துல இருந்தேன். அழாத. வேலையப் பாரு."

8

இருளாண்டி போன் அடித்தது. மூன்றாவதுக்குக் காத்திருக்கவில்லை. எடுத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

"அண்ணே, காட்டு முகப்புல நிக்கிறேன். வீடு பூட்டிக் கெடக்கு. மூட்டத்துப் பக்கம் இருந்து பொகை கருப்பா வருது. கெழக்க."

கருப்புப் புகை என்றால் மூட்டம் திறந்திருக்கிறது.

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னியா?"

"சொல்லிட்டேன். வந்துக்கிட்டு இருக்கு. அண்ணே, இங்கனயோட டவரு முடிஞ்சது. உள்ள போயிட்டா பேச முடியாது. பாத்துட்டு திரும்ப இங்கன ஓடி வரணும். அவுகள விட்டுட்டு வாரதா, கூட இருக்கதா? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"கூட இரு."

"அப்ப ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் திரையைப் பார்த்தேன்.

"அவுக அரைஞாண்ல ஒரு பொத்தான் கட்டியிருக்கும்."

"தெரியும். பாப்பா கட்டி விட்டது."

"உசிரு இருந்தா அத அண்ணன் கையால ஒரு தடவை அமுக்கச் சொல்லு. நீ அமுக்காத. அண்ணன் கையாலதேன்."

"ஒண்ணு போதுமா?"

"ஒண்ணு போதும். ரெண்டு ஏற்கெனவே கெடக்கு."

அவனுக்குப் புரிந்தது. எங்கள் காட்டு ஆள். ஏன் என்று கேட்கவில்லை.

"உசிரு இல்லாட்டி?"

"அமுக்காத."

"சரிண்ணே. உள்ள போறேன்."

லைன் போனது.

கார்த்திகா கேட்டாள். "அப்பா, மத்த ரெண்டு ஆளையும் எடுத்துரவா? பெரியப்பா ஓடையில மட்டும் நிக்கச் சொல்லட்டுமா? பழைய மாதிரி, வர்ற வரைக்கும். இப்ப நமக்கு வேற ஒண்ணும் படிக்க வேண்டியதில்லையே."

"நிக்கட்டும்டி," என்றாள் முத்துலட்சுமி. "அவுககிட்டயே நிக்கட்டும்."

"வேணாம்," என்றேன். "நின்னா, நிக்குதா செத்துப்போச்சான்னு நமக்குத் தெரியாது. கேட்டுட்டே இருக்கட்டும். பூஜ்யம்னாலும் சொல்லட்டும். கேட்டிருக்குன்னாவது தெரியும்."

அவள் அப்படியே விட்டாள்.

அது சுற்றியது. கிழக்கு 0. மேற்கில் சூடு. பெரியப்பா 0. கிழக்கு 0. மேற்கில் சூடு. பெரியப்பா 0. பச்சை எழுத்தை அவள் எடுத்துவிட்டாள். எண் மட்டும் இருந்தது.

பூஜ்யம் என்றால் இருளாண்டி இன்னும் போய்ச் சேரவில்லை. பூஜ்யம் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டான், அமுக்க ஆள் இல்லை. இரண்டுக்கும் ஒரே எண்தான். அதை மாற்றி எழுத மகளுக்கும் தெரியாது.

காதர் பாய் இறக்கிவிட்டிருந்த ஷட்டரை வெளியே யாரோ தட்டினார்கள். துணி வாங்க வந்தவர். காதர் பாய் உள்ளிருந்தே, "பந்த், பந்த்," என்றார். தட்டிய கை நின்றது.

முகப்பிலிருந்து மூட்டத்துக்கு ஓடினால் பத்து நிமிஷம். வழியெல்லாம் முள். அதை நான் மனதுக்குள் ஓடினேன். ஒற்றைப் பனை. இடிந்த கிணறு. அதைத் தாண்டினால் வெட்டிப் போட்ட விறகு. விறகைத் தாண்டினால் கிழக்கு மூட்டம். சுற்றிலும் வெயில். ஒரு தடவை ஓடிப் போய்ச் சேர்ந்தேன். திரும்ப முகப்புக்கு வந்து இன்னொரு தடவை ஓடினேன். அண்ணன் இருக்கும் இடத்துக்கு மட்டும் பார்வை போகவில்லை.

பெரியப்பா 0.

"பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அனுப்பும்," என்றாள் கார்த்திகா. யாரும் கேட்கவில்லை. "இப்ப அமுக்கியிருந்தாலும் நமக்கு வர ஒரு நிமிஷம் ஆகும்."

பெரியப்பா 0.

முத்துலட்சுமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கார்த்திகா நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருடைய தலையும் திரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். அவர்களை அப்படி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"பெரியப்பா," என்றாள். திரையிடம்தான் சொன்னாள். வாயைத் திறந்து, சத்தமாக. "பெரியப்பா. பெரியப்பா."

கிழக்கு 0.

மேற்கில் சூடு ஒரு படி இறங்கியிருந்தது.

பெரியப்பா

1